சர்க்கரைக்கு வெந்தயம்: எங்கள் வீட்டு அளவும் கணக்கும்

சர்க்கரை இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் "வெந்தயம் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார், ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர் சொல்வார். எவ்வளவு, எப்போது, எதோடு, கூட என்ன மாத்திரை போகிறது, இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. என் மாமனாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை, எனக்கு இப்போது எல்லைக்கோட்டில் நிற்கிறது. இரண்டு பேருக்கும் வீட்டில் வெந்தயம் தினமும் உண்டு. வெந்தயம் வேலை செய்கிறது என்பதை நான் முழுசாக நம்புகிறேன். வேலை செய்கிற எதையும் அளந்துதான் சாப்பிட வேண்டும் என்பதையும் அதே அளவு நம்புகிறேன், இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் அளவு. "ஒரு ஸ்பூன்" என்று சொல்வது எதையும் சொல்லாததற்குச் சமம். எங்கள் வீட்டில் மட்டுமே நான்கு விதமான ஸ்பூன் இருக்கிறது. பலகாரத்துக்கு மாவு அளக்க வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தேன். தலைதட்டிய டீஸ்பூன் வெந்தயம் ஏறத்தாழ 4 கிராம் வந்தது, அதே ஸ்பூனைக் கோபுரமாக அள்ளினால் 6 கிராமைத் தாண்டிவிடுகிறது, சாம்பார் ஊற்றுகிற பெரிய ஸ்பூன் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருவர் சொல்கிற ஒரு ஸ்பூனும் இன்னொருவர் சாப்பிடுகிற ஒரு ஸ்பூனும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசப்படும்.

ஆராய்ச்சிகளில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தேடிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1990-ல் வெளிவந்த ஆய்வில் இன்சுலின் போட்டுக்கொள்கிற முதல் வகைச் சர்க்கரைக்காரர்களுக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி ஒரு நாளைக்கு 100 கிராம் கொடுத்திருக்கிறார்கள், மதியம் பாதி, இரவு பாதி, உணவோடு கலந்து. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குறைந்தது, சிறுநீரில் போகிற சர்க்கரை பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் 100 கிராம் என்பது வீட்டில் யாராலும் சாப்பிட முடியாத அளவு, அதுவும் பத்தே நாள் நடந்த ஆய்வு. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது 2015-ல் வந்த ஒரு இந்திய ஆய்வு என்று நினைக்கிறேன். சர்க்கரை இன்னும் முழுதாக வராமல் எல்லையில் நிற்கிற 140 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் சாப்பாட்டுக்கு முன் 5 கிராம் வீதம் தினமும் இரண்டு வேளை வெந்தயப் பொடி கொடுத்து, மூன்று வருடம் பார்த்திருக்கிறார்கள். வெந்தயம் சாப்பிடாதவர்களுக்குச் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்திருக்கிறது. 140 பேர் என்பது பெரிய எண்ணிக்கை இல்லை, இதை வைத்துக் கல்வெட்டில் பொறிக்க முடியாது. இருந்தாலும் 10 கிராம் என்பது நம்மால் சாப்பிடக்கூடிய அளவு, மூன்று வருடம் என்பதும் கொஞ்ச காலமில்லை. நான் என் அளவை இதை வைத்துத்தான் பிடித்துக்கொண்டேன், டாக்டரிடம் சொல்லிவிட்டு.

அடுத்தது, எதைச் சாப்பிடுகிறோம் என்பது. ராத்திரி ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை அரை டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் பாருங்கள். பருப்பு உப்பி இரண்டு மடங்காகி இருக்கும், தண்ணீர் வெளிர் மஞ்சளாகி லேசாகக் கெட்டிப்பட்டிருக்கும், ஒரு பருப்பை விரலில் எடுத்து நசுக்கினால் வழவழவென்று நூல் மாதிரி இழுக்கும். அந்த வழவழப்புதான் விஷயமே. வெந்தயத்தில் கிட்டத்தட்டப் பாதி நார்ச்சத்து, அதில் ஒரு பெரிய பங்கு கேலக்டோமன்னான் என்கிற இந்தக் கோந்து. அது வயிற்றுக்குள் போய் சாப்பாட்டோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, இரைப்பை காலியாவதையும் குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதையும் மெதுவாக்குகிறது. ஹைதராபாத் ஆய்வாளர்கள் 1986-லேயே இதைப் பிரித்துப் பிரித்துச் சோதித்திருக்கிறார்கள். முழு வெந்தயம் நன்றாக வேலை செய்தது, கோந்தைத் தனியாக எடுத்துக் கொடுத்தபோதும் செய்தது, வேகவைத்த வெந்தயமும் செய்தது. கோந்து நீக்கிய வெந்தயத்துக்குப் பெரிய பலன் இல்லை. வேகவைத்த வெந்தயக்கீரைக்கும் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்னவென்றால், ஊறவைத்த தண்ணீரை மட்டும் வடிகட்டிக் குடித்துவிட்டு பருப்பைக் கொட்டுவது வீண். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள், கசப்புக்குப் பயந்து. தண்ணீரில் கொஞ்சம் கோந்து இறங்கும், பெரும்பகுதி பருப்பிலேயே இருக்கிறது. அதே போல மென்று சாப்பிடாமல் முழுசாக விழுங்கினால் ஒரு பங்கு அப்படியே வெளியே போய்விடலாம். மென்று தின்ன வேண்டும், இல்லையென்றால் அரைத்துச் சேர்க்க வேண்டும். வெந்தயக்கீரை நல்ல கீரைதான், எங்கள் வீட்டில் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைப்பேன், ஆனால் அதைச் சர்க்கரைக்கான வெந்தயக் கணக்கில் சேர்ப்பதில்லை. தாளிக்கிற வெந்தயத்தையும் சேர்ப்பதில்லை, அது ருசிக்கும் வாசனைக்கும் போடுவது.

இன்னொன்று, கோந்து வேலை செய்வது சாப்பாட்டோடு சேரும்போது. அதனால் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்கு இட்லி சாப்பிடுகிறவர்களுக்குப் பலன் குறைவாகத்தான் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் டிபனுக்குப் பத்து நிமிஷம் முன்னால் சாப்பிடுகிறேன். பலன் தெரிகிறதா என்று பார்ப்பதற்கும் வெறும் வயிற்று அளவை மட்டும் நம்ப வேண்டாம், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிற அளவைப் பாருங்கள். அதே மூன்று இட்லி, அதே சாம்பார், சில நாள் வெந்தயத்தோடு, சில நாள் இல்லாமல் என்று நான் குளுக்கோமீட்டரில் எடுத்துப் பார்த்தேன். பல நாள் இருபது முப்பது புள்ளி குறைவாக இருந்தது, சில நாள் வித்தியாசமே தெரியவில்லை, தூக்கம் கெட்ட மறுநாள் என்ன செய்தாலும் ஏறித்தான் இருந்தது. உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்பதை உங்கள் மீட்டர்தான் சொல்லும்.

இப்போது மாமா விஷயம். அவருக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையோடு கிளிமிபிரைடு மாத்திரையும் உண்டு. அவர் டாக்டரிடம் சொல்லி வைத்திருந்த அளவு காலையில் ஒரு டீஸ்பூன். சாயங்காலம் நடக்கப் போகிற இடத்தில் யாரோ ஒரு நண்பர், தான் பொடியாகப் பெரிய ஸ்பூனில் மூன்று வேளை சாப்பிட்டு மாத்திரையையே நிறுத்திவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். மாமா எங்களிடம் சொல்லாமல் தானும் பொடி வாங்கி அப்படியே ஆரம்பித்துவிட்டார், மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது என்று மதியச் சாப்பாடும் பாதியாகிவிட்டது. அன்றைக்கு நடந்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெயில் இறங்கி நேரமாகியிருந்தது, அவ்வளவு வேர்க்கக் காரணமே இல்லை.

"என்ன மாமா, பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா. லேசா கிறுகிறுன்னு வருது. கை பாரு, நிக்க மாட்டேங்குது."

மீட்டரில் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன், பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்தேன், ஏறியிருந்தது, அப்புறம் இரண்டு இட்லி சாப்பிட வைத்தேன். இந்தப் பதினைந்து நிமிஷக் கணக்கு சர்க்கரை இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும், உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் வெந்தயத்தைத் திட்டவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும், அதோடு நடை, குறைந்த சாப்பாடு, கூடிய வெந்தயம் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்துவிட்டது என்று விளக்கினார். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். வெந்தயம் ஒரே அளவில், ஒரே நேரத்தில் இருக்கட்டும், மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து நான் சொல்கிறேன் என்றார். அன்றிலிருந்து மாமாவின் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டப்பாவில் அவருக்கான வெந்தயம், உள்ளே தலைதட்டி அளக்க ஒரு டீஸ்பூன். மருந்துச் சீட்டின் கடைசி வரியில் நானே எழுதிவிட்டேன்: வெந்தயம், 4 கிராம், காலை, டிபனுக்கு முன். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் அந்தச் சீட்டுத்தான் போகிறது.

சீட்டில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்க்கரையை மெதுவாக உள்ளே விடுகிற அதே கோந்து மாத்திரையையும் மெதுவாக்கலாம். என் அத்தைக்குத் தைராய்டு மாத்திரை, அதை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில்தான் போட வேண்டும், அதோடு நார்ச்சத்து சேர்ந்தால் மாத்திரை சரியாக உள்ளே இறங்காது. அவருக்கு வெந்தயம் வேண்டுமென்றால் மாத்திரை போட்டுப் பல மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டோடுதான். மற்ற மாத்திரைகளுக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சமையல் அளவைத் தாண்டி வெந்தயத்தைத் தொடவே வேண்டாம்.

வயிறு பழகுவதற்கும் நேரம் கொடுக்க வேண்டும். முதல் நாளே 10 கிராம் சாப்பிட்டால் வயிறு உப்பும், சிலருக்கு வயிற்றாலே போகும், சிலருக்குக் காற்றுப் பிரிந்துகொண்டே இருக்கும். அரை டீஸ்பூனில் ஆரம்பித்து வாரக்கணக்கில் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். காய்ந்த பொடியை அப்படியே வாயில் போட்டு விழுங்கக் கூடாது, தொண்டையிலேயே ஊறி அடைத்துக்கொள்ளும், வயதானவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. மோரில் கலக்கிக் கொடுங்கள். அப்புறம் வேர்வையிலும் சிறுநீரிலும் ஒரு இனிப்பு வாசனை வரும், என் மகள் முதலில் அதைக் கண்டுபிடித்துப் பயந்துபோனாள். வெந்தயத்தில் இருக்கும் சோட்டலோன் என்கிற பொருளின் வாசனை அது, பயப்பட ஒன்றுமில்லை.

மகளைச் சொன்னதும் களி ஞாபகம் வருகிறது. வயசுக்கு வந்த பெண்ணுக்கும், மாதாமாதம் இடுப்பும் அடிவயிறும் வலிக்கிற பெண்ணுக்கும் எங்கள் பக்கம் உளுந்தங்களியும் வெந்தயக்களியும்தான் முதல் வைத்தியம். "உடம்புச் சூட்டை இறக்கும், இடுப்பு எலும்புக்குப் பலம்" என்பார் அம்மா. ஈரானில் 2014-ல் வந்த ஒரு ஆய்வில், மாதவிடாய் வலி இருந்த கல்லூரி மாணவிகளுக்கு முதல் மூன்று நாள், தினமும் மூன்று வேளை, 900 மில்லிகிராம் வெந்தயப் பொடி கொடுத்து வலி குறைந்ததாகச் சொல்கிறார்கள். மூன்று வேளையும் சேர்த்தால் மூன்று கிராம் கூட வராது, ஒரு கிண்ணம் களியில் அதைவிட அதிகமாகவே இருக்கிறது. என் மகளுக்கு வலி முழுசாகப் போகிறது என்று சொல்ல மாட்டேன், வலிமாத்திரை தேடுவது குறைந்திருக்கிறது.

நான் கிண்டுவது இப்படி. ஒரு டம்ளர் இட்லி அரிசி, இரண்டு டேபிள் ஸ்பூன் வெந்தயம், இரண்டு டேபிள் ஸ்பூன் வெள்ளை உளுந்து, மூன்றையும் நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி நைசாக ஆட்ட வேண்டும். வெந்தயத்தைத் தனியாக முதலில் ஆட்டினால் நன்றாகப் பொங்கி வரும், அப்புறம் அரிசியைச் சேர்க்கலாம். அடி கனமான சட்டியில் மூன்று டம்ளர் தண்ணீரோடு மாவைக் கரைத்து ஊற்றி, தீயைக் குறைத்து, கை எடுக்காமல் கிண்ட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் திரிந்த மாதிரி கட்டி தட்டும், பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கிண்டக் கிண்டச் சேர்ந்துகொள்ளும். மாவின் வெள்ளை போய்ப் பளபளப்பு வந்து, தண்ணீர் தொட்ட விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும், அதுவரை இறக்கக் கூடாது. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், மண் இருக்கும். உருண்டையைக் கிண்ணத்தில் வைத்து நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயும் கருப்பட்டிப் பாகும் ஊற்றிச் சாப்பிட வேண்டியதுதான், கசப்பு பின்னணியில் மட்டும் நிற்கும்.

மாமாவுக்கு இந்தக் களி கிடையாது. கருப்பட்டியும் சர்க்கரைதான், அரிசியும் மாவுச்சத்துதான், உள்ளே வெந்தயம் இருக்கிறது என்பதற்காக அது சர்க்கரைக்காரர் பலகாரம் ஆகிவிடாது. "நாட்டுச் சாமான், ஒண்ணும் செய்யாது" என்று விருந்துக்குப் போன இடத்தில் வற்புறுத்துகிறவர்களிடம் நான் இதைச் சொல்லத் தயங்குவதே இல்லை.

முளைகட்டிய வெந்தயம் இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள், கசப்பும் குறைகிறது. ஆனால் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி ஏறக்குறைய 4,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், சிறுநீரகம் கெட்டவர்கள் நூற்றுக்கணக்கில். விசாரித்துக்கொண்டே போனதில் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையை முளைகட்டி விற்றதில் வந்து நின்றது. விதையில் துளி கிருமி இருந்தாலும், முளைகட்டுகிற ஈரமும் வெதுவெதுப்பும் அது பல்கிப் பெருகத் தோதான சூழ்நிலை. ஈரத்துணி முடிச்சில் இரண்டு நாள் வைத்து எடுத்ததை நான் இட்லித் தட்டில் வைத்து நன்றாக ஆவியில் வேகவைத்துவிட்டுத்தான் தாளிக்கிறேன். வேகவைத்தால் சத்து போய்விடுமே என்பார்கள். போகிற கொஞ்சம் போகட்டும்.

கர்ப்பிணிகள் குழம்பிலும் தோசையிலும் இருக்கிற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பொடியாக ஸ்பூன் கணக்கில் வேண்டவே வேண்டாம். நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். உதடு தடித்தாலோ மூச்சு இறுகினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வாங்குவதைப் பற்றிக் கேட்பீர்கள். வெந்தயம் பெரும்பாலும் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கத்திலிருந்து வருகிறது. நான் முழு வெந்தயமாகத்தான் வாங்குகிறேன், கல்லும் தூசியும் பொறுக்கி, ஒரு தடவை அலசி, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் வாசம் வருகிற அளவு மட்டும் சூடுகாட்டி, வாரத்துக்குத் தேவையானதைப் பொடிக்கிறேன். கருக விட்டால் வாயில் வைக்க முடியாத கசப்பு வந்துவிடும்.

கேப்சூல் பற்றியும் ஒரு வார்த்தை. மாமாவுக்கு உறவுக்காரர் ஒருவர் ஒரு டப்பா வாங்கி வந்தார். திருப்பிப் பார்த்தால் ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் வெந்தயப் பொடி, தினமும் இரண்டு என்று போட்டிருந்தது. அதாவது ஒரு கிராம். நாம் மென்று தின்கிற ஒரு டீஸ்பூனுக்கு ஈடுகட்ட எட்டு கேப்சூல் விழுங்க வேண்டும். சாறு எடுத்துச் செறிவாக்கியது என்று போட்டிருந்தால் கணக்கே வேறு, அது எத்தனை கிராம் விதைக்குச் சமம் என்று லேபிளில் இல்லையென்றால், கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு டாக்டரைக் கேட்காமல் நான் கொடுக்க மாட்டேன்.